அம்மா சீரகம் அனுப்பவில்லை

அம்மா அனுப்பிய பார்சலில் சீரகம் இல்லை. சுக்கு இருந்தது, மிளகு, திப்பிலி, ஓமம், பூண்டு, பெருங்காயக் கட்டி, பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்து மடித்த துணிகள் எல்லாம் இருந்தன. சென்னையிலிருந்து இந்தத் தீவுக்குக் கப்பலில் வந்த ஒருவர் அதை அபர்டீன் பஜாரில் எங்கள் ஊர்க்காரர் கடையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். எட்டு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு போய் வாங்கி வந்தேன். புரோத்ராபூர் வீட்டுத் தரையில் பரப்பி வைத்து இரண்டு தடவை தேடினேன். என் அம்மா உப்பை மறந்தாலும் சீரகத்தை மறக்கிறவள் இல்லை.

அருப்புக்கோட்டையில் அம்மாவோடு இருக்கும் தம்பி மனைவிக்குப் போன் போட்டேன். அவள் கொஞ்சம் இழுத்தாள். "அத்தை சீரகமே வாங்குறதில்ல மதினி. மூணு வருசமாச்சு. ரசத்துக்குக்கூடப் போடமாட்டாங்க. நான் ஒருவாட்டி வாங்கியாந்தேன், டப்பாவோட தூக்கிப் பக்கத்து வீட்டுல குடுத்துட்டாங்க."

அந்த வீட்டிலிருந்து சீரகத்தை விரட்டியவள் நான்தான். அம்மாவிடம் நான் இரண்டு பொய் சொன்னேன். சொன்ன நானே உண்மையைச் சொல்லித் திருத்தியிருக்கலாம். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று மூன்று வருஷத்தை ஓட்டிவிட்டேன். இந்தப் பிள்ளை பிறப்பதற்குள் சொல்லியே தீரவேண்டும் என்று அந்தப் பொட்டலங்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு முடிவு செய்தேன்.

நான் முன்கோபக்காரி. மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். கோபம் வந்தால் எதிரே யார் நிற்கிறார்கள் என்று பார்க்கமாட்டேன், வாய்க்கு வந்ததைக் கொட்டிவிடுவேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், தலைப்பிரசவத்துக்கு நான்தான் அம்மா வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். ஏழாம் மாதம் கொஞ்சம் உதிரம் பட்டது. கப்பலும் வேண்டாம், விமானமும் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சரி, மகள் வராவிட்டால் நான் போகிறேன் என்று அம்மா கிளம்பிவிட்டாள். அதுவரை கடலையே பார்த்திராதவள். மூன்று நாள் கப்பலில் வாந்தியெடுத்தே வந்து சேர்ந்தாள். கப்பல் துறையில் இறங்கியதும் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, வயிற்றைத்தான் பார்த்தாள். "ஏண்டி, இம்புட்டுத் தண்ணிக்கு அந்தப் பக்கமாடி உன்னயக் கட்டிக் குடுத்தோம்?" என்றாள். சிரித்துச் சிரித்து எனக்கு மூச்சு வாங்கியது.

என் வீட்டுக்காரருக்கு அப்போது காம்ப்பல் பேயில் வேலை. தீவுகளின் தெற்குக் கோடி. அங்கிருந்து கப்பலில் வர இரண்டு நாள் ஆகும். நாள் நெருங்கிவிட்டது என்று லீவு வாங்கிக் கப்பல் ஏறிவிட்டார். இரண்டாம் நாள் காலையில் வந்து சேர வேண்டும். நடுக்கடலில் போன் எடுக்காது. அவர் வந்த பிறகுதான் பிள்ளை பிறக்க வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். யாரைக் கேட்டு அந்தப் பிடிவாதம்? யாரையும் கேட்கவில்லை.

அவர் வருவதற்கு முந்தின நாள் விடிந்ததும் வலி வந்தது. வயிற்றில் ஒன்றும் இல்லை, எல்லாம் பின்னால்தான். இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடிகிற இடத்தில், அம்மிக்குழவியை வைத்து யாரோ உள்ளிருந்து நெட்டுகிற மாதிரி. ஒருமுறை இருபது நிமிஷத்தில் வரும், அடுத்தது ஏழு நிமிஷத்தில் வரும், பிறகு அரை மணி நேரம் சத்தமே இருக்காது. அம்மா தன் முஷ்டியை மடக்கி அந்த இடத்தில் வைத்து அழுத்தினாள். அழுத்தியபோது மட்டும் உயிர் வந்தது.

"பொறு, கஷாயம் வச்சுப் பாப்போம்" என்றாள். எங்கள் பக்கத்தில் இதுதான் பரீட்சை. சீரகத்தைக் கருக வறுத்து, தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, கருப்பட்டி தட்டிப்போட்டுக் கொடுப்பார்கள். வெறும் சூட்டு வலியாக இருந்தால் அரை மணியில் அடங்கிவிடும். பிள்ளை வலியாக இருந்தால் இன்னும் கூடும். அம்மாவுக்கு அவள் அம்மா அப்படித்தான் பார்த்தாளாம். என்னைப் பெறும்போது கூடியதாம், தம்பிக்கு மட்டும் ஒருமுறை அடங்கி நாலு நாள் கழித்து வந்ததாம்.

குடித்தேன். அரை மணி ஆனது. அம்மா அடுப்படி வாசலில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் போட்ட காபியை அவள் இன்னும் தொடவில்லை, ஆடை கட்டிக் கிடந்தது.

"எப்படித்தா இருக்கு?"

வலி கூடியிருந்தது. முதுகில் பல்லைப் பதித்துக்கொண்டு ஏறியது. இப்போது ஆஸ்பத்திரிக்குப் போனால் அவர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

"கொறஞ்சிருச்சும்மா" என்றேன்.

"மெய்யாத்தான் சொல்றியா?"

"ஆமாங்கிறேன்ல. சூட்டு வலிதான். சும்மா சும்மா கேக்காத."

அம்மா அந்த ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்தாள். சிரித்தாள். எனக்காக உளுந்தங்கஞ்சி காய்ச்ச அரிசியைக் களைந்தாள். அன்று பகல் முழுக்க வலி வந்தபோதெல்லாம் நான் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை கப்பல் வரவில்லை. கடல் சரியில்லை என்று வழியில் ஒரு தீவில் நிறுத்திவிட்டார்களாம். அதே காலையில் எனக்குப் பனிக்குடம் உடைந்தது. தண்ணீர் பச்சையாக இருந்தது. அம்மா பார்த்துவிட்டு, செருப்புகூடப் போடாமல் ரோட்டுக்கு ஓடி ஆட்டோவை நிறுத்தினாள். அவளுக்கு இந்தி ஒரு சொல் தெரியாது. எப்படித்தான் சொன்னாளோ, ஆட்டோக்காரர் வீட்டு வாசலுக்கே வண்டியைக் கொண்டுவந்து, "ஆராம் ஸே, மாஜி, ஆராம் ஸே" என்று அவளைத்தான் முதலில் தேற்றினார். பள்ளத்தில் வண்டி இறங்கிய ஒவ்வொரு தடவையும் நான் அவரைத் திட்டினேன்.

பிரசவ அறையில் அம்மாவைக் கூட இருக்க விட்டார்கள். வங்காளி நர்ஸ் ஒருத்தி சோதித்துப் பார்த்துவிட்டு, "பச்சா ஊப்பர் தேக் ரஹா ஹை, தீதி" என்றாள்.

"என்னடி சொல்றா?" என்றாள் அம்மா.

"புள்ள மேல பாத்துக்கிட்டு இருக்காம்."

"அப்படின்னா?"

உயிர் போகிற நேரத்தில் நான் மொழிபெயர்ப்பு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கமாகப் பிள்ளை தாயின் முதுகைப் பார்த்துத்தான் திரும்பி வருமாம். என் பிள்ளை திரும்பவில்லை. அதன் முதுகும் என் முதுகும் ஒட்டிக்கொண்டு, அதன் பின்மண்டை என் எலும்பில் இடித்துக்கொண்டு நின்றது. முதல் நாள் முழுக்க முதுகில் இடித்தது அந்தச் சின்னத் தலைதான். நான் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு மறைத்ததும் அதைத்தான்.

பக்கவாட்டில் படுக்கச் சொன்னார்கள், மண்டியிடச் சொன்னார்கள். அம்மா விடாமல் முஷ்டியால் அழுத்திக்கொண்டே இருந்தாள். அவள் விரல் கணுக்கள் வீங்கிவிட்டன. "ஜோர் லகாவோ" என்று நர்ஸ் சொல்ல, "முக்குடி, ஆத்தா, முக்கு" என்று அம்மா தானாகவே புரிந்துகொண்டு சொன்னாள். மத்தியானத்துக்கு மேல் பிள்ளையின் நெஞ்சுத்துடிப்பு இறங்கியது. அவசரமாக அறுத்து எடுத்தார்கள்.

பெண் பிள்ளை. தலை நிறைய முடி. அழவில்லை. ஒரு ராத்திரியும் மறுநாள் பகலும் இருந்தாள், அதுவும் கண்ணாடிப் பெட்டிக்குள். என்னைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய்க் காட்டினார்கள். அங்கேயும் மல்லாந்துதான் கிடந்தாள். அவள் போன பிறகு, சாயங்காலம்தான் கப்பல் வந்தது. அவர் கையில் ஒரு பொம்மைப் பை இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

அடுத்த நாள் டாக்டர் கட்டிலருகே வந்து உட்கார்ந்து இந்தியில் பேசினார். நல்ல மனிதர், நிதானமாகச் சொன்னார். பிள்ளை அப்படித் திரும்பி நின்றதற்கு யாரும் காரணம் இல்லை. எந்த நேரத்தில் மூச்சுத் திணறியது என்று சொல்ல முடியாது. முன்பே வந்திருந்தால் பிழைத்திருக்கும் என்றும் சொல்ல முடியாது, பிழைத்திருக்காது என்றும் சொல்ல முடியாது. உங்களையே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம், வீட்டில் இருப்பவர்களிடமும் இதைச் சொல்லுங்கள் என்றார். அவர் அந்தப் பக்கம் போனதும் அம்மா என் காலடியில் வந்து நின்றாள்.

"டாக்டரு என்னத்தா சொல்றாரு?"

என் வீட்டுக்காரர் மருந்து வாங்கப் போயிருந்தார். வேறு யாருக்கும் அங்கே தமிழ் தெரியாது. மார்பில் பால் கட்டி நெருப்பாய் எரிந்தது. யாரையாவது கடித்துக் குதற வேண்டும் போலிருந்தது. எதிரே நின்றவள் அவள்.

"மொத நாளே கூட்டியாந்திருந்தா பொழச்சிருக்குமாம்" என்றேன். "உன் கஷாயம்தான் என் புள்ளைய முழுங்கிருச்சு."

நீதானேடி கொறஞ்சிருச்சுன்னு சொன்னே என்று அவள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். முந்தானையால் என் கால் விரல்களைத் துடைத்துவிட்டாள், அதில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. அதற்கப்புறம் ஒரு மாதம் எனக்குப் பத்தியச் சோறு ஆக்கிப் போட்டுவிட்டு ஊருக்குக் கப்பல் ஏறினாள்.

பார்சல் வந்த அன்றே அம்மாவைப் போனில் கூப்பிட்டேன். உடைத்துச் சொன்னேன். வலி குறையவே இல்லை, அவர் வரட்டும் என்று பொய் சொன்னேன், பாத்ரூமுக்குள் போய் ஒளிந்துகொண்டேன், டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை, யார் மேலும் தப்பில்லை என்றுதான் சொன்னார், நான்தான் மாற்றிச் சொன்னேன். எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"போதும்த்தா" என்றாள். "என் மனசு ஆறணும்னு உன் தலையில தூக்கிப் போட்டுக்கிறியா? வயித்துப் புள்ளக்காரி இப்படியெல்லாம் பேசக் கூடாது."

"சத்தியமாம்மா. உன் மேல சத்தியமா."

"சத்தியம் எதுக்கு? பெத்த புள்ளைக்கு வலி இருக்கா இல்லையான்னு மொகத்தப் பாத்துத் தெரியாதவ ஒரு ஆத்தாளா? விடு."

எனக்குக் கோபம் வந்தது. கத்தினேன். நான் சொல்வதை நம்பு என்று போனில் அழுதுகொண்டே கத்தினேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை, சின்னப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பேசுகிற மாதிரி, சரிடி, சரிடி என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நீ கெளம்பி வாம்மா" என்றேன் கடைசியில். "முதுகுல வலிச்சா யாரு அழுத்துவா?"



"நான் வரலத்தா. என் கை வேணாம்" என்றாள். "வலின்னு ஒண்ணு வந்துச்சுன்னா, முன்னாடியோ பின்னாடியோ, நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிரு. யாரையும் கேட்டுக்கிட்டு நிக்காத. என்னையும் கேக்காத."