பூஜையில் வைத்த மிதவை

விடுமுறைக்குக் கடற்கரைப் பக்கம் போகலாமா என்று என் நாவலூர் அலுவலகத்தில் யாராவது கேட்டால், கேட்கும்போதே எனக்குக் கால் வலிக்கிறது. ஊருக்கெல்லாம் விடுமுறை என்றால் எங்கள் வீட்டில் அன்றைக்குத்தான் இரட்டை வேலை. அப்பாவும் சித்தப்பாவும் மாமல்லபுரம் கடலில் குளிக்க வருகிறவர்களைக் காப்பாற்றும் வேலையில் இருந்தார்கள். வேலை என்றால் பெரும்பாலும் விசில் ஊதுவது. யாரும் திரும்பிப் பார்க்காத விசில்.

இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மிதவை. ஆரஞ்சு நிறம், ஏறக்குறைய அப்போதைய என் உயரம், தோளில் மாட்ட ஒரு வார். ட்யூப் என்போம்; ஆனால் உள்ளே காற்று இல்லை, முழுக்க ஸ்பாஞ்சு. கரையில் பூட்டி வைக்க இடமில்லாததால் அப்பா தினமும் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, உப்புப் போக நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைப்பார். உனக்குத்தான் நீச்சல் தெரியுமே, இது எதற்கு என்று ஒருமுறை கேட்டேன்.

"தண்ணில முழுவுறவனுக்குக் கைய குடுக்கக் கூடாது. குடுத்தா நம்ம தலமேலயே ஏறி நிப்பான். அவன் மேல தப்பு இல்ல, உயிரு அப்டி. அதான் இத்த குடுக்குறது."

தெரியாத ஆட்களைத் தொட அப்பாவுக்குக் கூச்சம் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருடம் ஆயுத பூஜைக்கு அரிவாள்மணை, மிக்ஸி, என் பாடப்புத்தகங்களோடு அம்மா ட்யூபுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துச் சாமி படத்தின் முன் சாத்திவிட்டாள். சோறு போடுகிற பொருளுக்குப் பொட்டு வைக்காவிட்டால் குற்றம். வைத்ததை மறுநாள் பூஜைக்கு முன் எடுத்தால் அதைவிடக் குற்றம். புத்தகத்தைத் தொடக்கூடாது என்பதால் எனக்கும் இந்தச் சட்டத்தில் அபார பக்தி.

"கடலுக்கு இன்னா லீவா வுட்டுகிறாங்க?" என்றார் அப்பா.

"வருசம் பூரா உன்னோட மல்லு கட்டிகினு கீது. ஒரு நாளு சும்மா குந்தட்டுமேயா."

முந்தின நாளும் விடுமுறைக் கூட்டம். அப்பாவுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. விசிலை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

மத்தியானம் அம்மா எனக்குப் பொரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். கரைப் பக்கமிருந்து விசில் கேட்டது. நிற்கவே இல்லை. அம்மாவின் கை அப்படியே நின்றது. அடுத்து ட்யூபை வெடுக்கென்று இழுத்தாள். விளக்கு உருண்டது, பொரி சிதறியது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு செருப்பில்லாமல் மணலில் ஓடினாள். பின்னால் நான்.

விசில் ஊதிக்கொண்டிருந்தது சித்தப்பா. அப்பா அலைகளுக்கு அந்தப் பக்கம், கழுத்தைக் கட்டிக்கொண்ட ஒரு தடித்த ஆளோடு, தெரிவதும் மறைவதுமாக இருந்தார். சித்தப்பா அம்மாவிடமிருந்து ட்யூபைப் பறித்துக்கொண்டு பாய்ந்தார். அதை நெஞ்சுக்கு நேராகத் தள்ளியதும்தான் அந்த ஆள் அப்பாவை விட்டுவிட்டு ட்யூபைக் கட்டிக்கொண்டான்.

மூவரும் கரைக்கு வந்தார்கள். அந்த ஆளின் சட்டையில் ஒட்டியிருந்த குங்குமத்தை ரத்தம் என்று நினைத்து அவன் கூட்டாளிகள் ஆம்புலன்சுக்குக் கத்தினார்கள். மணலில் கவிழ்ந்து இருமிக்கொண்டிருந்த அப்பாவை அம்மாதான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வூட்டுக்கு வா."

"டூட்டி கீது" என்றார் அப்பா. சற்று நேரத்தில் அதே இடத்தில் வேறொரு கூட்டம் இறங்கியது. அப்பா எழுந்துபோய் விசில் ஊதினார்.

சாயங்காலம் அப்பாவின் கழுத்தில் இருந்த நகக்கீறல்களுக்கு அம்மா மஞ்சள் பற்றுப் போட்டாள். வலை கிழித்தது என்றார் அப்பா. அம்மா இன்னும் கொஞ்சம் மஞ்சளை அப்பினாள். அவர் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். அம்மா ட்யூபைத் தானே கழுவினாள், துடைத்தாள், மடியில் போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். பூஜை கெட்டுப்போனதற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன். எனக்குப் பாவமாக இருந்தது.

"அழாதம்மா. அடுத்த வருசம் இதுக்கு நல்லா பூஜ பண்ணிடலாம்."

"அடுத்த வருசமுமா?" என்றாள் அம்மா. இன்னும் அதிகமாக அழத் தொடங்கினாள்.

நல்லதைத்தானே சொன்னோம் என்று எனக்கு ஒரே குழப்பம்.