சேற்றில் விழுந்த இஞ்சினியர்

போன போகத்தில், விசுவமடுவிலுள்ள என் வயலுக்கு ஒரு இஞ்சினியர் வந்தார். நரை கலந்த முடியை இறுக்கிக் கட்டிய பெண். நோயாளிகள் மணிக்கட்டில் கட்டும் மின்னணுக் கைப்பட்டி எப்போது என்ன செய்யவேண்டும் என்று அதற்குள் நிரல் எழுதிவைப்பது அவர் வேலை. எதைக் கண்டு வியந்தாலும், பேனையால் தன் முன்கையிலேயே குறித்துக்கொள்வார்.

நான் ஒருமுறை நெஞ்சு வலித்து மயங்கி விழுந்தவன். அதனால் பரிசோதனைக்காக எனக்கும் ஒரு பட்டி கட்டியிருந்தார்கள். நான் விழுந்தால் அது மனைவியின் போனுக்குச் சொல்லவேண்டும். அதுவோ நான் மண்வெட்டியை ஓங்கும்போதெல்லாம் சொன்னது. மனைவி மூன்று முறை அழுதபடி ஓடிவந்தாள். வெட்கத்தில் கழற்றிவிட்டேன்.

"பட்டியில பிழையில்லை அண்ணை, நான் எழுதினதிலதான் பிழை," என்றார் இஞ்சினியர். பட்டியைத் தன் கையில் கட்டி, வரம்பிலிருந்து சேற்றில் விழுந்தார். பட்டி போனுக்கு ஒன்றும் சொல்லவில்லை. திரும்பத் திரும்ப விழுந்தார்.

"எங்கட எருமைக்கும் சேத்தில இவ்வளவு ஆசையில்லை மிஸ்!" என்றாள் மனைவி. வேடிக்கை பார்க்க வரம்பில் கூடியிருந்த எல்லாரையும்விட இஞ்சினியர்தான் அதிகம் சிரித்தார்.

நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நான் அன்று திறந்தேன். "நீங்கள் கையை ஊண்டி விழுறியள் மிஸ். மயங்கிறவனுக்குக் கை வராது."

"அப்ப எப்பிடி? விழுந்து காட்டுங்கோ."

பட்டியை வாங்கிக் கட்டிக்கொண்டு, உடம்பைத் தளரவிட்டு அப்படியே சாய்ந்தேன். வரம்பில் நின்றவர்கள் கைதட்டினார்கள். அவர் முன்கை முழுக்க எழுதினார்.

"இனி எங்கை ஆர் மயங்கினாலும், பட்டி நீங்கள் விழுந்த மாதிரியை வைச்சுத்தான் கண்டுபிடிக்கும் அண்ணை," என்று கும்பிட்டார், காதுக்குள் சேற்றோடு.