கண்ணாடிக்கு அடியில் இரண்டு பாதங்கள்

லாலாகுடாவில் நாங்கள் குடியிருந்த ரயில்வே குவார்ட்டர்ஸை நினைவு இல்லமாக்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. மழை பெய்தால் ஒழுகும், வெயிலில் கொதிக்கும் அந்த வீட்டில்தான், எங்களுக்கு வெகு காலம் முன்னால், நாடே கொண்டாடும் ஒரு விஞ்ஞானி சிறுவனாக வளர்ந்தாராம். அப்பா ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவரை நாங்கள் அங்கேதான் இருந்தோம். ஒருவரும் இதை எங்களிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் கணக்கில் கொஞ்சம் மார்க் வாங்கியிருப்பேனோ என்னவோ.

இப்போது நாங்கள் இருக்கும் லோத்குண்டாவிலிருந்து அம்மாவை ஆட்டோவில் கூட்டிப்போனேன். முன்னறையில் விஞ்ஞானியின் படங்கள், மூக்குக்கண்ணாடி, பட்டமளிப்பு அங்கி. அம்மா ஒன்றையும் பார்க்கவில்லை. இங்கே பீரோ இருந்தது, இங்கே அப்பா சைக்கிளை நிறுத்துவார் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். சமையலறை வாசலில் ஒரு வரிசை நின்றது. செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொருவராகக் குனிந்து, தரையில் பதித்திருந்த கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். எங்களுக்கு முன்னால் நின்ற பெண் தன் மகளின் தலையைப் பிடித்து அழுத்தி, நல்ல ரேங்க் வரவேண்டும் என்று தெலுங்கில் வேண்டிக்கொண்டாள்.

எங்கள் முறை வந்தது. கண்ணாடிக்கு அடியில், சிமெண்டில் பதிந்த இரண்டு சின்னப் பாதங்கள். விஞ்ஞானியின் குழந்தைப் பாதங்கள் என்று பக்கத்தில் பலகை வைத்திருந்தார்கள். அவை என் தம்பியின் கால்கள்.

ஒரு கோகுலாஷ்டமிக்கு அப்பா அந்த வாசலுக்குப் புதிதாகச் சிமெண்ட் பூசியிருந்தார். கிருஷ்ணர் பாதத்தை மாவால் போட்டால் மறுநாளே அழிந்துவிடும் என்று, அம்மா தம்பியைத் தூக்கி ஈரச் சிமெண்டில், வீட்டுக்குள் வருகிற மாதிரி நிற்க வைத்தாள். அவனுக்குக் கூச்சம் தாங்கவில்லை, விழுந்து விழுந்து சிரித்தான். அடுத்த கோகுலாஷ்டமிக்கு அவன் இல்லை. மூளைக்காய்ச்சல். வீட்டைக் காலி செய்தபோது அதைப் பெயர்த்துத் தரச் சொல்லி அம்மா அழுதாள். சர்க்கார் வீட்டில் கை வைக்கக் கூடாது என்று அப்பா மறுத்துவிட்டார். இந்நேரம் யாராவது மேலே டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தோம்.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அம்மா, இதர் நக்கோ பைட்டோ", இங்கே உட்காராதே என்று காவலாளி ஓடிவந்தார். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. யார் யாரோ என் தம்பியின் காலைத் தொட்டு ரேங்க் கேட்கிறார்கள், அவன் பள்ளிக்கூடத்து வாசலையே மிதித்ததில்லை. பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள் என்று காவலாளியிடம் எகிறினேன். என்ன விஷயம் என்று காவலாளி கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"சொன்னா ஒடைச்சுப் போட்டுருவாங்கடி. எம்புள்ள இங்கயே இருக்கட்டும்."

பிறகு எழுந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.