கழுத்தைத் தொடாதவன்

என் மச்சினனை வேலைக்குச் சேர்த்துவிட்டது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கேட்கப் போவதில்லை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவன் யாரிடம் போய்ப் புலம்புவது?

பதினான்கு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவன் அவன். புகையும் தூசியும் நெஞ்சில் இறங்கி இழுப்பு வந்துவிட்டது. ஒருநாள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்வாசலுக்குப் போவதற்குள் மூச்சு முட்டி, முன்பின் தெரியாத ஒரு ஆளின் மடியிலேயே உட்கார்ந்துவிட்டானாம். அதோடு பையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என் மனைவிக்கு ஒரே தம்பி. மூன்று மாதம் என்னை நிம்மதியாகச் சாப்பிடவிடவில்லை அவள்.

“உங்க பண்ணையில அத்தனை பேரு வேலை பாக்குறாங்க. என் தம்பிக்கு மட்டும் எடமில்லையா?”

“கன்னுக்குட்டியப் பாத்தாலே பத்தடி தள்ளி நிக்கிறவன்டி அவன். அங்க வந்து என்ன பண்ணுவான்?”

“நீங்க மட்டும் கொம்போடயா பொறந்தீங்க?”

சேர்த்துவிட்டேன்.

நான் அந்தக் கால்நடை ஆராய்ச்சிப் பண்ணையில் இருபத்திரண்டு வருஷமாகக் கொட்டகை மேஸ்திரி. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றவன். ஆனால் ஒரு மாடு தண்ணீர்த் தொட்டிக்கு நடந்துபோகிற தினுசைப் பார்த்தே அதற்கு எங்கே வலி என்று சொல்வேன். டாக்டர்கள் வருவார்கள், இரண்டு வருஷம் இருப்பார்கள், மாற்றலாகிப் போவார்கள். யார் வந்தாலும் முதலில் கேட்பது, “மேஸ்திரி எங்கே?” என்றுதான். அவன் வரும்வரைக்கும்.

முதல் நாளே ஒரு கன்று அவன் முகத்துக்கு நேராகத் தும்மியது. பின்னால் போனவன் தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்தான். கொட்டகையே சிரித்தது. எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. மறுநாள் கன்றுகளை ஓட்டத் தெரியாமல், பழைய பழக்கத்தில் விசிலை எடுத்து ஊதினான். “உள்ள போ, உள்ள போ, நடுவுல எடமிருக்கு பாரு!” கருமம், அதுகளும் போயின. அன்றிலிருந்து அவன் பெயர் விசில்.

அந்த வருஷம் புதிதாக வந்த டாக்டரம்மா கன்றுகளின் நெஞ்சு நோயைப் பற்றி ஆராய்ச்சி ஆரம்பித்தார். அறுபது கன்றுகள். பாதி நம் பண்ணையில் பிறந்தவை, மீதி வெளியிலிருந்து லாரியில் வந்தவை. எங்களை உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார்.

“இந்தக் கிருமி எங்கேர்ந்தோ புதுசா வர்றதில்ல. நல்லா இருக்கிற கன்னோட மூக்குலயே உக்காந்திருக்கும். லாரியில வந்து களைச்சுப்போனா, தெரியாத கன்னுங்களோட சேந்தா, காத்தோட்டம் இல்லாம நின்னா, மெல்ல நுரையீரலுக்கு எறங்கிடும். இருமல் கேக்குறப்ப பாதி வேலை முடிஞ்சிருக்கும். அதுக்கு முன்னாடியே கண்டுபிடிக்கணும்.”

அதற்கு ஒரு தாள் கொடுத்தார். மூக்கு, கண், காது, இருமல், மூச்சு, காய்ச்சல். ஒவ்வொன்றுக்கும் சைபரிலிருந்து மூன்றுவரை மார்க். ஒன்றுமில்லை என்றால் சைபர், மோசம் என்றால் மூன்று. தினமும் காலை ஆறு மணிக்கு அறுபது கன்றுக்கும் போட வேண்டும். இரண்டு வாரம் நானும் விசிலும் தனித்தனியாகப் போட்டுப் பழக வேண்டும். அப்புறம் இருவரில் ஒருவருடைய தாளை மட்டும்தான் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்வாராம்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நான் நினைத்தேன்.

முதல் வாரத்திலேயே ஒன்று நடந்தது. விசிலின் பென்சில் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவன் அப்படியே இருமிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். யாரும் பார்க்காதபடி சுவர்ப் பக்கம் திரும்பி, பையிலிருந்து இழுப்பு பம்ப்பை எடுத்து வாயில் இரண்டு தடவை அடித்துக்கொண்டு, “மாமா, கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. கண்ணு எரியுது,” என்றான்.

“கொட்டகைன்னா சந்தனமா மணக்கும்? எந்திரிடா.”

“நின்னா தெரியல மாமா. கன்னு மூஞ்சி இருக்கிற ஒசரத்துலதான் நெடி.”

டாக்டரம்மா காதில் விழுந்துவிட்டது. அவரும் மண்டிபோட்டு மூச்சை இழுத்துப் பார்த்தார். மூத்திர நெடியை அளக்கிற கருவியை அதுவரை எங்கள் தலை உயரத்தில் மாட்டி வைத்திருந்தார்கள். அன்றைக்கே அதைக் கழற்றி முழங்கால் உயரத்தில் மாட்டினார்கள். சுவரில் கீழ்வரிசைச் செங்கல் எடுத்துக் காற்று வழி விட்டார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் அங்கே நான் குனியாத நாள் கிடையாது. சாணம் அள்ளக் குனிந்திருக்கிறேன், பால் கறக்கக் குனிந்திருக்கிறேன். எனக்கு ஏன் எரியவில்லை? நெஞ்சு கெட்டவனுக்கு எரிந்ததாம், அதற்கு ஒரு பாராட்டாம். எனக்கு வேறு இடத்தில் எரிந்தது.

இரண்டாவது வாரக் கடைசியில் டாக்டரம்மா சில கன்றுகளின் காதிலிருந்த நம்பர் வில்லையின் மேல் பிளாஸ்திரி ஒட்டி, வேறு தடுப்புக்கு மாற்றி, இன்னொரு தடவை மார்க் போடச் சொன்னார். பிறகு இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தார். விசில் இரண்டு தடவையும் ஏறக்குறைய ஒரே மாதிரி போட்டிருந்தான்.

“மேஸ்திரி, இந்தக் கன்னுக்கு மூக்குல ரெண்டு போட்டிருக்கீங்க. காலையில இதுக்கே சைபர் போட்டிருந்தீங்க.”

“இதுவா? இதை நான் காலையில பாக்கவே இல்லையே.”

பிளாஸ்திரியை உரித்தார். முப்பத்தொன்று. பிறந்ததும் நான் கையில் ஏந்திய கன்று. அதன் தாயையே நான்தான் வளர்த்தேன்.

“அது அவங்கம்மா மாதிரி டாக்டரம்மா. அதுக்கும் எப்பப் பாத்தாலும் மூக்கு ஒழுகும். அதான் சைபர் போட்டேன்.”

“நான் அம்மாவுக்கு மார்க் கேக்கலையே மேஸ்திரி.”

விசில் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். வெளியே வந்ததும், “நீ எப்படிடா போட்ட?” என்று கேட்டேன்.

“எனக்கு ஒரு கன்னையும் தெரியாதே மாமா. டிப்போ மேனேஜரோட மச்சானே ஏறுனாலும் டிக்கெட்டு இருக்கா இல்லையான்னுதான பாப்போம். அந்த மாதிரி.”

தாள் அவன் கைக்குப் போனது. நான் கன்றுக்குத் தலைக்கயிறு போட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டும், அவன் பார்த்து எழுதுவான். மாட்டைக் கண்டு பயப்படுகிறவனுக்கு நான் மாடு பிடிக்கிறேன்! வீட்டிலோ அதைவிட மோசம். மனைவி பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள்: “என் தம்பி சொன்னாத்தான் டாக்டரம்மா ஊசியவே கையில எடுக்குறாங்களாம்.” மின்விசிறிக்கு நேரே இருக்கிற நாற்காலி என்னுடையது. அவன் வந்தால் அதில் உட்காரவைப்பாள். “நெஞ்சுக்குக் காத்து வேணுங்க அவனுக்கு,” என்பாள். எனக்கு என்ன, செவுளா இருக்கிறது?

அதன் பிறகு வெளியிலிருந்து ஒரு டாக்டர் வந்து கன்றுகளின் கழுத்தில் தடுப்பூசி போட்டார். அறுபதில் பாதிக்கு நிஜ மருந்து, பாதிக்கு வெறும் உப்புத் தண்ணீர். எதற்கு எது என்ற பட்டியலைப் பூட்டி வைத்துவிட்டார்கள். டாக்டரம்மாவுக்கே தெரியாதாம்.

“தெரிஞ்சா கண்ணு பொய் சொல்லும். மருந்து போனதுன்னு தெரிஞ்சா கொஞ்சம் நல்லாவே இருக்கிற மாதிரி தோணும். அதனால யாரும் கழுத்தத் தடவிப் பாக்கக் கூடாது. மருந்து போன எடத்துல சின்ன வீக்கம் இருக்கலாம்,” என்றார்.

என் கை யார் பேச்சைக் கேட்கும்? தலைக்கயிறு போடும்போதே அது கழுத்துக்குப் போய்விடும். மூன்றே நாளில் எந்தக் கன்றுக்குக் கழுத்தில் கொட்டைப்பாக்கு அளவு தடிப்பு இருக்கிறது என்று முழுக்கத் தெரிந்துவிட்டது. முப்பத்தொன்றுக்கும் இருந்தது. என் பிள்ளைக்கு நிஜ மருந்து கிடைத்த மாதிரி மனசு குளிர்ந்தது. பூட்டி வைத்த பட்டியல் என் விரல் நுனியில் இருக்கிறது, அவன் தாளை வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாமல் நிற்கிறான் என்று நினைத்தபோது இன்னும் குளிர்ந்தது. அதோடு விட்டிருக்கலாம்.

ஒருநாள் டீ குடிக்கிற நேரத்தில் டாக்டரம்மா அவனிடம், “உங்க தாள் இல்லாம இந்த ஆராய்ச்சி இல்ல,” என்று சொல்லிவிட்டுப் போனார். என் கையில் டீ ஆறிப்போனது. அவர் தலை மறைந்ததும் அவன் பக்கத்தில் போய் நின்றேன்.

“மாப்ள, ஒண்ணு சொல்றேன், உனக்கு ஒத்தாசையா இருக்கும். பன்னெண்டு, பத்தொம்பது, முப்பத்தொண்ணு… மூணுக்கும் நிஜ மருந்து. தடிப்பு இருக்கு.”

ஒத்தாசை இல்லை. அவன் கண்ணும் என் கண்ணைப் போலப் பொய் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. மீதிக் கன்றுகளையும் சொல்ல வாயெடுத்தேன். அவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான், சின்னப் பிள்ளை மாதிரி.

“ஏன் மாமா சொன்னீங்க?” என்றான். திட்டவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டான்.

மறுநாள் காலை தாளை எழுதாமல் டாக்டரம்மாவிடம் கொடுத்தான். நான் கயிற்றோடு நின்றுகொண்டிருந்தேன்.

“எனக்கு மூணு கன்னுக்கு மருந்து தெரிஞ்சிடுச்சும்மா. இனிமே நான் போட்டா சரியா இருக்காது.”

“யார் சொன்னது?”

“காதுல விழுந்துச்சு.”

“யாருன்னு கேக்குறேன்.”

“காதுல விழுந்ததுதாம்மா.”

டாக்டரம்மாவின் முகம் வெளுத்துப்போனது. இரண்டு வருஷம் எழுதிக் கேட்டு வாங்கிய ஆராய்ச்சி. பென்சிலை வாங்கிக்கொண்டார். கொட்டகையில் இனி அவனுக்கு வேலையில்லை என்று ஆகவே, ஆபீஸ்காரர்கள் தீவன அறைக்கு மாற்றினார்கள். தவிட்டு மூட்டை பிரித்துக் கொட்டுகிற இடம். அவனுக்கு இழுப்பு இருப்பது அங்கே என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. சொன்னால் இந்த வேலையும் போய்விடும் என்று பம்ப்பை ஒளித்தே வைத்திருந்தான்.

ஜெயித்துவிட்டேன். நான்கு நாள் நன்றாகத்தான் இருந்தது. அதற்குள்ளாகவே முப்பத்தொன்று ஒரு காதைத் தொங்கப் போட்டது. டாக்டரம்மா ஊசி எடுத்துக்கொண்டு வந்தபோது, ‘மருந்து போன கன்று, இதற்கு என்ன வரப்போகிறது, சோம்பேறித்தனம்’ என்றுதான் நினைத்தேன்.

ஐந்தாம் நாள் தீவனம் வாங்கத் தள்ளுவண்டியோடு போனேன். ஜன்னல் வெளிச்சத்தில் தவிட்டுத் தூசி மூடுபனி மாதிரி நின்றது. அவன் மூட்டையில் ஒரு கையை ஊன்றியிருந்தான். கழுத்தை முன்னால் நீட்டியிருந்தான். முழங்கை இரண்டும் வெளியே அகன்றிருந்தன. வாய் பாதி திறந்து, மூக்கு விடைத்து, ஒவ்வொரு மூச்சுக்கும் வயிறு உள்ளே ஒட்டி ஒட்டி வந்தது. என்னைப் பார்த்ததும், “வாங்க மாமா, எத்தனை மூட்டை?” என்று கேட்க முயற்சி செய்தான். முதல் சொல்தான் வந்தது.

நானாக நினைக்கவில்லை, மனசு தானாக மார்க் போட்டது. மூச்சு, மூன்று. இருமல், மூன்று. கண், இரண்டு. அவன் யார் தம்பி, யார் நாற்காலியில் உட்காருகிறவன் என்பதெல்லாம் அதில் வரவில்லை. அத்தனை நாளில் நான் ஒழுங்காகப் போட்ட மார்க் அது ஒன்றுதான்.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு அவனை வெளியே இழுத்துவந்து மரத்தடியில் உட்காரவைத்துப் பம்ப்பை வாயில் வைத்தேன். மூச்சு சீரானதும் நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். டாக்டரம்மா கன்றுகளின் மூக்கில் துடைத்தெடுத்த பஞ்சுக் குச்சிகளைக் குழாய்களில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

“கழுத்தத் தொட்டது நான்தான் டாக்டரம்மா.”

அவர் திரும்பவில்லை. “எத்தனை கன்னு?”

“அறுபதும்.”

“அவர்கிட்ட எத்தனை சொன்னீங்க?”

“மூணு. அதுக்குள்ள காதப் பொத்திக்கிட்டான்.”

“எதுக்கு சொன்னீங்க?”

எவ்வளவோ யோசித்து வைத்திருந்தேன். “பொறுக்கல,” என்றுதான் வந்தது. அவனுக்கு இழுப்பு இருப்பதையும் சொன்னேன்.

கையுறையைக் கழற்றி மேஜைமேல் போட்டார். “அந்த மூணு கன்ன நான் பாத்துக்கிறேன். மிச்ச அம்பத்தேழுக்கு அவரை வரச்சொல்லுங்க. ஆபீஸ்ல நான் பேசிக்கிறேன். நீங்க தீவன அறைக்குப் போங்க. இந்தக் கன்னுங்க வெளிய போற வரைக்கும் கொட்டகைப் பக்கம் உங்க நிழல்கூட விழக் கூடாது.”

நான்கு மாதம் தவிடு கொட்டினேன். காலை ஆறு மணிக்கு அந்தப் பக்கமிருந்து விசில் சத்தம் கேட்கும். ‘உள்ள போ, நடுவுல எடமிருக்கு.’ ஒவ்வொரு நாளும் வயிறு எரியும். குற்றத்தை ஒத்துக்கொண்டால் பொறாமை போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கடைசியில் பட்டியலைத் திறந்தார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார் டாக்டரம்மா. பன்னிரண்டு, மருந்து. பத்தொன்பது, மருந்து. முப்பத்தொன்று, தண்ணீர். எல்லோரும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். அந்தத் தடிப்பு ஏதோ பூச்சி கடித்ததாம். விசில் மட்டும் குனிந்து பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தான்.

அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்தான். மனைவி நான்கு மாதமாக என்னைக் கேட்டுப் பதில் வராத கேள்வியை அவனிடம் கேட்டாள்.

“ஏன்டா தம்பி, நீயாவது சொல்லு. மேஸ்திரியா இருந்த மனுஷன் எதுக்குடா தவிட்டு மூட்டை தூக்கப் போனாரு?”

நான் சுவரைப் பார்த்தேன். அவன் மின்விசிறிக்கு நேரே என் நாற்காலியில் சாய்ந்துகொண்டான்.

“கொட்டகை நெடி மாமாவுக்கு ஒத்துக்கலக்கா. கண்ணு எரியுதுன்னாரு. நான்தான் டாக்டரம்மாகிட்டச் சொல்லி மாத்திவிட்டேன்.”

“பாத்தீங்களா, என் தம்பி இல்லேன்னா உங்க கண்ணு என்னாயிருக்கும்!” என்றாள்.

எச்சில்கூட விழுங்காமல் சொன்னான் அந்தப் பொய்யை. தாளில் ஒரு சைபரை மாற்றிப் போடத் தெரியாதவன்! நான் சொல்லியிருந்தால் இரண்டாவது வார்த்தையிலேயே அவளிடம் மாட்டிக்கொண்டிருப்பேன்.