பிரெஞ்சு மாப்பிள்ளை

என் வீட்டுக்காரருக்குப் பிரெஞ்சில் ஒரு வாக்கியம்கூடத் தெரியாது. இருந்தும் பத்தொன்பது வருஷம் அந்தப் பிரெஞ்சுதான் எங்களுக்குச் சோறு போட்டது. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிறார்களே, அந்தத் தாளைப் பிரெஞ்சில் அச்சுக்குத் தயார் செய்கிற ஆபீஸ். வரியில் இடம் போதாத வார்த்தையை எங்கே வெட்டலாம் என்று பென்சிலால் கோடு போடுவது அவர் வேலை. அசை பிரிக்க ஒரு விதிப்புத்தகம். அதன் கடைசியில் முன்னொட்டும் வேர்ச்சொல்லும் அர்த்தத்தோடு நாலு பக்கம். அவ்வளவுதான் அவருடைய பிரெஞ்சு. அதை வைத்தே சொந்தத்தில் ‘பிரெஞ்சு மாப்பிள்ளை’ என்று பேர் வாங்கிவிட்டார். பீற்றிக்கொண்டது நான்தான். அவர் பாவம், மறுக்கவில்லை.

வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன என் தம்பி கட்டடத்திலிருந்து விழுந்துவிட்டான். பதினோரு நாளாக நினைவில்லை என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து தெருமுனைக் கடைக்கு ஃபேக்ஸ் வந்தது, ஒரு பக்கம் முழுக்கப் பிரெஞ்சு. கைபேசியைக் காட்டினால் மொழிபெயர்க்கிற காலமா அது? அம்மா தாளை வாங்கிவந்து மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பென்சிலை எடுத்தார். பழக்க தோஷம், ஒவ்வொரு வார்த்தையாகக் கோடு போட ஆரம்பித்தார். வெட்டி என்ன பிரயோஜனம்? தெரியாது என்று சொல்லித் தொலையுங்களேன் என்று கத்தத் தோன்றியது எனக்கு. கடைசிப் பத்தியில் ஒரு வார்த்தையில் பென்சில் நின்றது.

“என்ன மாப்பிள்ளை, என்ன போட்டிருக்கு?”

“அத்தை, எனக்கு முழுசாப் படிக்கத் தெரியாது. இந்த ஒரு வார்த்தைதான்...”

“அதையாவது சொல்லுங்க.”

துண்டு துண்டாகச் சொன்னார். ரே என்றால் மறுபடி. வெர்ஸ் என்றால் திரும்புவது. இப்ள் என்றால் முடியும்.

மறுபடி திரும்ப முடியும் என்று அம்மா தானே கூட்டிச் சொல்லிப் பார்த்தாள். பதினோரு நாளில் முதல் தடவையாகத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

நான் தாளை எட்டிப் பார்த்தேன். அந்த வார்த்தையின் முதல் இரண்டெழுத்தைத் தனியாக வெட்டியிருந்தார். அதைப்பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. சமையலறைக்குள் இழுத்துப்போய், இது என்ன என்று கேட்டேன்.

“இர். இல்லைன்னு அர்த்தம்,” என்றார். “அத்தை முகத்தைப் பார்த்தேன், சொல்ல வரல.”

மறுபடி திரும்ப முடியாது. நான் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டேன்.

“மாப்பிள்ளை, எப்போ திரும்புவான்னு போட்டிருக்கா, பாருங்க,” என்று கூடத்திலிருந்து அம்மா கேட்டாள்.

நீ போய்ச் சொல்லேன் என்றார். என்னால் முடியாது என்றேன். அம்மா இன்னொரு தடவை கூப்பிட்டாள்.