பால் காய்ச்சாமல் போன நல்ல நேரம்

போன வருடம் ஆவணி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டுப் புதுச் சமையலறையில் கையில் தீப்பெட்டியோடு நின்றுகொண்டிருந்தேன். அடுப்பின் மேல் மஞ்சள் பூசிய பால் பாத்திரம். பின்னால் சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேர். பத்தரைக்கு ராகுகாலம் வந்துவிடும் என்று மாமியார் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். அந்தக் குச்சியை நான் உரசியிருந்தால் இதை எழுத இருந்திருப்பேனா என்பது சந்தேகம்தான்.

விஷயத்துக்கு வரும் முன் என் மூக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கொரோனா வந்து போனபோது எனக்கு வாசனை தெரியாமல் போய்விட்டது. நாக்கில் ருசி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. மூக்கு மட்டும் திரும்பவே இல்லை. “வரும், பொறுத்திருங்க” என்றார் டாக்டர். இன்னும் பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். தினமும் பால்கோவா கிண்டும் கடைகளைத் தாண்டித்தான் பஸ் பிடிக்கப் போகிறேன். என்னைப் பொறுத்தவரை அது வெறும் புகை. கோயிலில் கொடுக்கும் துளசியை மூக்கருகே கொண்டுபோய் ஏமாந்த நாட்கள் நிறைய. சமைக்கும்போது வீட்டில் யார் இருந்தாலும் “அடிப்பிடிக்குதா பாருங்க” என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். யாரும் இல்லாத நாட்களில் பருப்பைக் கருக விட்டிருக்கிறேன்.

எனக்கு இராஜபாளையத்தில், ஆஸ்பத்திரிக்குப் பேண்டேஜ் துணி தயாரிக்கும் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. வீட்டுக்காரர் ஒரு நூல் மில்லில் ஷிப்டு பார்க்கிறார். எங்கள் பழைய சமையலறை எப்படி இருந்தது என்றால், மேலே ஒரு கடப்பா கல், கீழே கயிற்றில் தொங்கும் ஒரு திரைச்சீலை. திரைக்குப் பின்னால் சிலிண்டர், வெங்காயக் கூடை, அவ்வப்போது ஓர் எலி. யாராவது வீட்டுக்கு வந்தால் அந்தத் திரையை இழுத்துவிட ஓடுவேன். கல்யாணமான நாளில் இருந்து அந்தத் திரையைப் பார்த்து எனக்கு எரிச்சல்.

ஒருவழியாகச் சீட்டுப் பணம் கைக்கு வந்தபோது, மாடுலர் கிச்சன் போட்டே தீருவது என்று முடிவு செய்தோம். அந்தப் பணத்துக்கு மேல் ஒரு ரூபாய் கடன் வாங்கக்கூடாது என்பது எங்கள் இருவருக்கும் ஒப்பந்தம். வேலை முடிந்ததும் இராஜபாளையத்தில் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒரு கடையில் இருந்த தம்பி எங்கள் சமையலறை எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் படம் போட்டுக் காட்டினார். சிவப்புக் கதவுகள் கண்ணாடி மாதிரி பளபளத்தன. மேடை மேல் ஒரு கிண்ணத்தில் பச்சை ஆப்பிள் வேறு. எங்கள் வீட்டில் யாரும் பச்சை ஆப்பிளைத் தொட்டதுகூடக் கிடையாது, ஆனாலும் அந்த இடத்திலேயே நான் விழுந்துவிட்டேன்.

பளபளப்புக்கு விலை அதிகம். அதனால் வேறு எதில் பிடிக்கலாம் என்று பார்த்தேன். “அக்கா, சிலிண்டரை வெளியே வச்சு காப்பர் பைப்பு இழுத்துரலாம், அதுதான் சேஃப்டி. இல்லைன்னா சிலிண்டர் கதவுல மட்டுமாவது காத்துப் போற மாதிரி ஜாலி வலை அடிச்சிருவோம்” என்றார் அந்தத் தம்பி. பைப்புக்குத் தனிக் காசு. ஜாலி போட்டால் சிவப்புக் கதவுகளின் நடுவே ஒன்று மட்டும் கோழிக்கூண்டு மாதிரி தெரியும். இரண்டும் வேண்டாம் என்றேன். கேஸ் டியூபும் பழையதே இருக்கட்டும், நன்றாகத்தானே இருக்கிறது என்றேன். அதில் மிச்சமான பணத்தை, மெதுவாகத் தானே மூடிக்கொள்ளும் இழுப்பறைகளுக்குச் செலவழித்தேன். வருகிறவர்கள் பார்க்கப்போவது கதவையும் இழுப்பறையையும்தானே!

என்னோடு ஒரு நாள் கடைக்கு நாத்தனாரும் வந்தாள். என் வீட்டுக்காரரின் தங்கை. கான்சாபுரத்தில் விவசாயக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். எதையும் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டாள். பலகையை விரல் முட்டியால் தட்டிப் பார்த்துவிட்டு, “மதினி, இது தண்ணி பட்டா ஊதிரும். பாத்திரம் கழுவுற எடத்துல இதப் போடாதீய” என்றாள். கடைத் தம்பி தலையைச் சொறிந்துகொண்டு, அந்தப் பக்கம் மட்டும் வேறு பலகை போட்டுத் தருவதாகச் சொன்னார். அடுத்து மேல் அலமாரி. “ஒங்க ஒசரத்துக்கு அது எட்டவே எட்டாது மதினி.” எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. தனக்கு இல்லையே என்கிற வயிற்றெரிச்சலில் குறை சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். அலமாரி மாட்டி முடித்த அன்று ஸ்டூல் போட்டு ஏறித்தான் அதைத் தொட முடிந்தது. அவள் சொன்னது சரியாகப் போனதில் கோபம் இன்னும் கூடியதே தவிர குறையவில்லை.

பால் காய்ச்சும் நாளுக்கு முந்தைய சாயங்காலம்தான் வேலை முடிந்தது. மறுநாள் காலையில் வந்தவர்கள் எல்லாரும் மூக்கைச் சுருக்கிக்கொண்டு, “புதுப் பசை நெடி, ரெண்டு நாள்ல போயிரும்” என்றார்கள். அதோடு விடிகாலையில் போட்ட சாம்பிராணி நெடி வேறு. எனக்கு எந்த நெடியும் தெரியவில்லை, தலையை ஆட்டிக்கொண்டேன். வீட்டுக்காரர் பழைய அடுப்பையே புது மேடையில் வைத்து, கீழே சிலிண்டரில் ரெகுலேட்டரைத் திறந்து, கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

வந்தவர்களுக்கு வேடிக்கை அந்த இழுப்பறைதான். லேசாகத் தள்ளினால் போதும், கடைசி ஒரு சாணில் செத்த நேரம் தயங்கிவிட்டுத் தானே போய் மூடிக்கொள்ளும். ஆளுக்கு ஆள் இழுத்து இழுத்துப் பார்த்தார்கள். சின்ன மாமனாருக்கு அதை விட்டு நகர மனசே வரவில்லை. சிலிண்டருக்குப் பக்கத்தில் இருந்த இழுப்பறையைத் திரும்பத் திரும்ப மூடிவிட்டு, என் வீட்டுக்காரரைப் பார்த்து, “ஏலே, சாத்துறதக்கூட எம்புட்டு மரியாதையாச் சாத்துது பாருலே!” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த நேரத்தில்தான் நாத்தனார் வந்து சேர்ந்தாள். அப்போது அவளுக்கு மூன்றாம் மாதம். சமையலறை வாசலில் கால் வைத்தவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “மதினி, என்னமோ நாத்தம் அடிக்கு” என்றாள். யாரும் கண்டுகொள்ளவில்லை. மசக்கை தொடங்கியதில் இருந்து அவளுக்குக் காப்பி நாறியது, புருஷன் தேய்க்கும் எண்ணெய் நாறியது, ஈரத்துணி நாறியது.

“ஒனக்கு இப்ப எதுதாம்டி நாறல? போயி வெளிய காத்தாட உக்காரு” என்றார் மாமியார்.

அவள் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்திருந்தது. “பசை நாத்தம் இல்ல மதினி. அழுகுன முட்டகோசு கணக்கா இருக்கு. அடுப்பப் பத்தவைக்காதீய.”

நான் குச்சியைப் பெட்டியில் இருந்து எடுத்துவிட்டேன். லைட்டர் வேண்டாம், முதல் அடுப்பைத் தீக்குச்சியில்தான் ஏற்ற வேண்டும் என்று மாமியார் சொல்லியிருந்தார். நல்ல நேரம் முடியப்போகிறது. எத்தனையோ வருட ஆசை, கடைசி நிமிடத்திலும் இவள் குறை சொல்ல வந்துவிட்டாளே என்று உள்ளே பொங்கியது. திரும்பி எல்லாரையும் கேட்டேன்: “ஒங்களுக்கு ஏதும் வருதா?” ஒவ்வொருவராக மோந்து பார்த்தார்கள். பசைதான் என்றார் ஒருவர். சாம்பிராணி என்றார் இன்னொருவர். சின்ன மாமனார் சிரித்துக்கொண்டே, “புள்ளத்தாச்சி மூக்குத்தா அது” என்றார்.

இத்தனை மூக்கு ஒரு பக்கம், அவள் ஒருத்தியின் மூக்கு மறுபக்கம். எனக்கு மூக்கே இல்லை. யாராவது ஒருவரை நம்பியாக வேண்டும். அந்த நொடியில் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். இவளை எனக்குப் பிடிக்காது. இவள் பேச்சும் எனக்குப் பிடிக்காது. ஆனால் பலகையைப் பற்றி இவள் சொன்னது சரி, அலமாரியைப் பற்றிச் சொன்னதும் சரி. இவள் என்னை எரிச்சல்படுத்தியிருக்கிறாளே தவிர, ஒரு தடவையும் தப்பாகச் சொன்னதில்லை.

குச்சியைப் பெட்டிக்குள் போட்டு, பெட்டியை அவள் கையில் கொடுத்தேன். “இந்தா, இதத் தெருவுக்குக் கொண்டு போ. நீயும் உள்ள வராத.”

“நேரம் போகுதேம்மா!” என்றார் மாமியார். வீட்டுக்காரர் என்னைச் சமாதானப்படுத்துகிறவர் போல, “இப்ப என்ன, சிம்னியப் போட்டா எல்லா நாத்தமும் போயிருது” என்று சொல்லிக்கொண்டே அடுப்புக்கு மேலே மாட்டியிருந்த புகைபோக்கியின் சுவிட்சுப் பக்கம் கையை நீட்டினார். நான் “தொடாதீங்க, பொறி வரும்!” என்று கத்தினேன். அவரைப் பார்த்து அப்படி ஒரு நாளும் கத்தியதில்லை. அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்ததில் என் வளையல் இரண்டு உடைந்து விழுந்தன. அவர் கையை எடுத்துக்கொண்டார்.

கீழே உட்கார்ந்து சிலிண்டர் கதவைத் திறந்தேன். பின்னால் நின்ற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பின்வாங்கினார்கள். யாரோ இருமினார்கள். யாரோ “ஐயோ, கேஸு!” என்றார்கள். எனக்கு மட்டும் எதுவுமே தெரியவில்லை. சிவப்புக் கதவு, சிவப்புச் சிலிண்டர், அவ்வளவுதான். ஆனால் காது கேட்டது. உள்ளே எங்கோ ‘உஸ்’ என்று மெல்லிய சத்தம் வந்துகொண்டிருந்தது. ரெகுலேட்டரில் கை வைத்தேன். தினமும் திருகுகிற அந்தக் குமிழை எந்தப் பக்கம் திருப்புவது என்று மறந்துபோய்விட்டது. வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து குனிந்து என் கையோடு சேர்த்துத் திருப்பினார். சத்தம் நின்றது.

அப்போது தெருவில் இருந்து நாத்தனாரின் குரல். “அம்மா, வெளக்கு! பூஜை வெளக்கு!”

நடுக்கூடத்தில் பூஜை அலமாரியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்ததில் வெளியே வந்த கேஸ் தரையோடு தரையாக அந்தப் பக்கம்தான் போகும். நல்ல காரியத்துக்கு ஏற்றிய விளக்கை அணைப்பதா? என் மாமியார் சாதாரண நாளில் அதற்குச் சம்மதிக்கவே மாட்டார். அன்றைக்கு அவர்தான் முதலில் ஓடினார். பூ எடுக்கக்கூட நிற்கவில்லை. எரிகிற திரியை விரலாலேயே நசுக்கிவிட்டார். வீட்டுக்காரர் சிலிண்டரைக் கழற்றிக் கொல்லைக்குத் தூக்கிக்கொண்டு போனார். ஜன்னல், கதவு எல்லாவற்றையும் திறந்து போட்டுவிட்டு அத்தனை பேரும் தெருவுக்கு வந்தோம்.

வெயிலில் நின்றோம். ராகுகாலம் வந்தது, போனது. யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. எதிர்வீட்டு அக்கா கொடுத்த தண்ணீரைக் குடித்து முடித்தேன். அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. நாத்தனார் பக்கத்தில் நின்றாள். அவள் கையில் தீப்பெட்டி நசுங்கிப்போய் இருந்தது. அவ்வளவு நேரமும் அதை விடாமல் இறுக்கிப் பிடித்திருக்கிறாள்.

மத்தியானம் வீட்டுக்காரர் அந்த இழுப்பறையைக் கழற்றிப் பார்த்தார். அதன் பின்பக்கத் தகட்டின் முனை, பலகையைத் துளைத்துக்கொண்டு வரும் டியூபில் உரசியிருக்கிறது. நாங்கள் ஒவ்வொரு முறை இழுத்து மூடி ரசித்தபோதும் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்திருக்கிறது. டியூபைக் கையில் வாங்கிப் பார்த்த சின்ன மாமனார் அப்புறம் அந்த இழுப்பறைப் பக்கமே போகவில்லை. பழைய திரைச்சீலைக்குப் பின்னால் இதே டியூப் அறுந்திருந்தால், காற்று கொண்டுபோயிருக்கும்; வீடு முழுவதும் நாறியிருக்கும், எல்லாருக்கும் தெரிந்திருக்கும். நான் ஆசை ஆசையாக வாங்கிய கதவு கேஸையும் உள்ளேயே பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தது.

சிலிண்டரைக் கொல்லையில் வைத்து, புது டியூபுக்குச் சுவரில் தனியாக வழி செய்து, சோப்பு நுரை போட்டுப் பார்த்த பிறகு, சாயங்காலம் பால் காய்ச்சினோம். குச்சியை உரசும் முன் நாத்தனாரைக் கூப்பிட்டேன். அவள் மேடைக்குக் கீழே குனிந்து, மூலை மூலையாக மோந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

“இப்பப் பசை நாத்தம் மட்டுந்தான் மதினி” என்றாள். பிறகு சும்மா இருக்க மாட்டாளே, “அந்த மேல் அலமாரிய மட்டும் கொஞ்சம் எறக்கச் சொல்லுங்க” என்றாள். நான் அவளைக் கட்டிக்கொண்டேன்.

காப்பர் பைப் போட இன்னும் ஆறேழு மாதம் ஓவர்டைம் பார்க்க வேண்டியிருந்தது. சிலிண்டர் இருந்த இடத்துக் கதவை எடுத்துவிட்டு ஜாலி போட்டுவிட்டேன். இப்போது அங்கே வெங்காயக் கூடை. இது ஒன்று மட்டும் ஏன் கோழிக்கூண்டு மாதிரி இருக்கிறது என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும். நாத்தனாருக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. மசக்கையோடு அந்த மூக்கும் போய்விட்டது என்கிறாள். குறை சொல்லும் வாய் மட்டும் அப்படியே இருக்கிறது.

என் மூக்கு இன்னும் திரும்பவில்லை. இன்றும் அடுப்பு ஏற்றும் முன் வீட்டில் இருப்பவர்களை “வந்து பாருங்க” என்று கூப்பிடுகிறேன். அவர்களில் ஒருவர் மட்டும் முகம் சுளித்தாலும், அவரை எனக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்று பார்க்காமல் குச்சியைக் கீழே வைத்துவிடுகிறேன். அத்தனை பணம் போட்டுக் கட்டிய அந்தச் சமையலறையில் எனக்குக் கிடைத்த பெரிய வசதி அதுதான்.