துடைக்காமல் விட்ட கறை

“போட்டோ துடைக்கறதுக்கா பி.ஏ. படிச்ச? ஒரு வாளியும் ஈரத்துணியும் குடுத்தா நம்ம வீட்லயே துடைக்கலாமே கண்ணு.”

அத்தை இப்படிக் கேட்டதும் அப்பா சிரித்துவிட்டார். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். அத்தை அப்பாவுக்கு அக்கா. காவேரிப்பட்டினத்தில் இருந்து எங்கள் நாகரசம்பட்டி வீட்டுக்கு அவர் வந்தால் அது சும்மா வருவதாக இருக்காது. தன் மகனுக்கு என்னைக் கேட்டுத்தான் வருவார்.

அப்பா அன்று ஒரு வாக்குக் கொடுத்தார். “ஓசூர்ல வேலை நிரந்தரம் ஆச்சுன்னா அந்தச் சம்பளத்துல இது மேல படிக்கட்டும்க்கா. ஆவலைன்னா வர்ற தையில உன் வீட்டுக்கு அனுப்பிடறேன்.”

“ஆவாது பாரு,” என்றார் அத்தை, வெற்றிலையை மடித்துக்கொண்டே.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது. அப்பா லாரியில் மாங்காய் ஏற்றுகிறவர். அம்மா மண்டியில் மாங்காய்க் காம்பு கிள்ளித் தரம் பிரிப்பவர். காம்பில் வடியும் பால் பட்டு அம்மாவின் விரல்கள் கறுத்துக் கிடக்கும். சீசன் முடிந்து வெகுநாள் ஆனாலும் அந்தக் கறுப்பு போகாது. விசேஷ வீடுகளில் அம்மா கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டுதான் உட்காருவார்.

வேலை ஓசூரில், டயர் கடைக்கு மேலே முதல் மாடியில். அங்கேயே ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் தங்கியிருந்தேன். அறை முழுக்கப் பெட்டி பெட்டியாகக் கம்ப்யூட்டர்கள். வெளிநாட்டில் இருந்து படங்கள் வரும். பொருளின் விளிம்பைச் சுட்டியால் புள்ளி புள்ளியாகச் சுற்றி வந்து, பின்னணியை வெட்டி எறிந்து, அழுக்கைத் துடைத்து, வெள்ளையில் நிறுத்தி அனுப்ப வேண்டும். நகை, செருப்பு, இயந்திர உதிரிபாகம் என்று எது வந்தாலும் இதுதான் வேலை. ஒரு கீறலோ பொட்டோ இருக்கக் கூடாது. சரியில்லாத படம் திரும்பி வரும். படங்கள் அடிக்கடி திரும்பினால் ஆறு மாதம் கழித்து வேலை நிரந்தரமாகாது.

ஐந்தாவது மாதத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழக அருங்காட்சியகம் ஒன்றின் படங்கள் வந்தன. எல்லாம் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பொருள்கள். அமெரிக்கா அந்த நாட்டை ஆண்ட காலத்தில், அங்கே போன வாத்தியார்களும் சிப்பாய்களும் அதிகாரிகளும் வாங்கியும் எடுத்தும் வந்தவை என்று கூட வந்த குறிப்பில் இருந்தது. பிலிப்பைன்ஸ் எங்கே இருக்கிறது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. மதியம் டிபன் பாக்ஸைக்கூடத் திறக்காமல் பிரவுசிங் சென்டருக்குப் போய் வரைபடத்தில் பார்த்தேன். கடலில் உதறிவிட்ட மாதிரி தீவுகள்.

அதன் பிறகு செருப்பும் நகையும் எனக்குச் சலித்துப்போயின. மூங்கில் மீன்கூடு, சிரட்டை அகப்பை, சுண்ணாம்புக்குத் தனிக் கிண்ணம் வைத்த பித்தளை வெற்றிலைப் பெட்டி. அதைப் பார்த்ததும் அத்தை ஞாபகம் வந்து தனியாகச் சிரித்தேன். அன்னாசி இலையின் நாரில் நெய்த ரவிக்கை ஒன்று வந்தது. மூச்சு விட்டால் பறந்துவிடும் போல் மெல்லிசு. பின்னணியை எங்கே வெட்டுவது? துணிக்குள்ளேயே பின்னணி தெரிகிறது. அதோடு ஒரு நாள் முழுக்க மல்லுக்கட்டினேன். யாரோ ஒருத்தி போட்டுக் கழற்றிய ரவிக்கை. அக்குள் பக்கம் தையல் கொஞ்சம் விட்டிருந்தது. அதை நான் மூடவில்லை.

பிறகு ஒரு பொம்மை வந்தது. முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தி உட்கார்ந்திருக்கும் மர உருவம். மலைநாட்டு ஜனங்கள் நெல் வைக்கும் இடத்தில் காவலுக்கு வைப்பது என்று குறிப்பு சொன்னது. தலையிலும் மார்பிலும் திட்டுத் திட்டாகக் கருங்கறை. வழிந்து காய்ந்து, அதன் மேல் மறுபடியும் வழிந்து காய்ந்த கறை.

துடைக்கும் கருவியை எடுத்துவிட்டேன். கை ஓடவில்லை.

எங்கள் ஊரில் மாந்தோப்பு ஓரத்தில் முனியப்பன் கல் ஒன்று உண்டு. காய்ப்புக்கு முன் சேவல் அறுப்பார்கள். ரத்தமும் எண்ணெயும் மஞ்சளும் ஏறி ஏறி அந்தக் கல்லுக்கே ஒரு தோல் வந்திருக்கும். யாரும் அதைக் கழுவ மாட்டார்கள். மழை கழுவினால் அது மழையின் பாடு. இந்தப் பொம்மையின் கறையும் அந்த ஜாதிதான் என்று எனக்குப் பட்டது. தெரியும் என்று சொல்ல மாட்டேன். பட்டது, அவ்வளவுதான்.

பின்னணியை மட்டும் வெட்டி, கறையை அப்படியே விட்டு அனுப்பினேன். அன்று சாயங்காலமே டீம் லீடர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். வீட்டில் தெலுங்கு பேசுகிற ஓசூர்க்காரர். கோபம் வந்தால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்து வரும்.

“ஏம்மா, இதென்ன கண்ணு தெரியலியா? இத்தனை அழுக்கு இருக்குது. ரிஜெக்ட்.”

“அழுக்கு இல்ல சார். படையல் போட்ட கறை மாதிரி இருக்குது.”

“மாதிரியா? மாதிரிக்கெல்லாம் பில் போட முடியுமா? அய்யோ ராமா! நமக்குக் குடுத்த வேலை துடைக்கறது. துடை.”

“அவங்கள ஒரு வார்த்தை கேட்டுடலாம் சார்.”

“கேட்டா, வேலை தெரியாத ஆளுங்கன்னு நெனைப்பான். உனக்கு வர்ற மாசம் கன்ஃபர்மேஷன். ஞாபகம் இருக்குதா?”

இருந்தது. அத்தை வெற்றிலை மடித்ததும் ஞாபகம் இருந்தது. பத்து நிமிடத்தில் துடைத்துவிடலாம், யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் அந்தப் படம்தான் இனி உலகம் பார்க்கப் போகிறது. எந்த ஊர்க் களஞ்சியத்தில் இருந்தோ தூக்கி வரப்பட்டு, காவல் காக்க ஒரு பிடி நெல்கூட இல்லாமல் அது உட்கார்ந்திருக்கிறது. அதற்கு அதன் ஜனங்கள் செய்தது என்று மிச்சம் இருப்பது அந்தக் கறை மட்டும்தான். அதையும் நான் எடுப்பதா?

அனுப்ப வேண்டிய மின்னஞ்சலை ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதினேன். நாலே வரி. அகராதி பார்த்து, அடித்து, திரும்ப எழுதினேன். கூடவே இன்னொரு படத்தையும் சேர்த்துக்கொண்டேன். ஒரு கூடையின் விளிம்பில் இருந்த வெள்ளைத் தீற்றலும் படையல்தான், அரிசிமாவாக இருக்கும் என்று எழுதினேன். மறுநாள் காலையில் டீம் லீடர் மேஜையில் வைத்தேன். நாங்கள் நேராக வாடிக்கையாளருக்கு எழுதக் கூடாது.

அவர் படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் படித்தார்.

“இங்கிலீஷ் பரவால்லியே,” என்றார். “அனுப்பறேன். திட்டு வந்தா உனக்குத்தான்.”

பதில் வர நாலைந்து நாள் ஆனது. அருங்காட்சியகத்தில் அந்தச் சேகரிப்பைப் பார்த்துக்கொள்ளும் அம்மையார் எழுதியிருந்தார். பொம்மையின் கறை சேவல் ரத்தமும் பன்றி ரத்தமும் அரிசிக் கள்ளும், தயவுசெய்து தொடாதீர்கள். அங்கே படிக்கும் பிலிப்பைன்ஸ் பிள்ளைகள் பார்க்க வந்தால் முதலில் அந்த இடத்துக்குத்தான் கண் போகிறதாம். சிலர் அதன் முன் வெகுநேரம் நின்றுவிட்டுப் போகிறார்களாம். கடைசியில் ஒரு வரி: கூடையில் இருக்கும் வெள்ளை, பழைய ஒட்டுச்சீட்டின் பசை. அதைத் தாராளமாகத் துடைக்கலாம்.

“அரிசிமாவாம்!” என்று டீம் லீடர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பசையைத் துடைத்தேன். பொம்மை கறையோடு போனது.

ஆனால் அந்தப் பதில் அவர் பெயருக்கு வந்திருந்தது. கேள்வியும் அவர் பெயரில்தான் போயிருந்தது. என் மனசுக்குத் தெரிந்தால் போதும் என்று நினைத்துக்கொள்ளும் ஆள் நான் இல்லை. எனக்குப் போதவில்லை.

அடுத்த மாதம் வேலை நிரந்தரம் என்ற கடிதம் கைக்கு வந்தது. சனிக்கிழமை ஊருக்குப் போய் அதை அப்பாவிடம் கொடுத்தேன். தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு அம்மாவிடம் நீட்டினார். அம்மா கையைப் புடவையில் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். கறை படிந்துவிடுமோ என்று வாங்கவே பயந்தார்.

“பட்டா படட்டும்மா. பிடி.”

பிடித்தார். அப்பா வெளியே போய் அத்தைக்குப் போன் பேசினார். “ஆயிடுச்சுக்கா,” என்பது மட்டும் எங்களுக்குக் கேட்டது. அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று அப்பா இன்றுவரை சொல்லவில்லை. அந்தத் தையில் அத்தை மகனுக்கு வேறு இடத்தில் பெண் பார்த்துக் கல்யாணம் முடித்தார்கள். நான் போய் வயிறாரச் சாப்பிட்டு வந்தேன்.

சென்னையில் அருங்காட்சியகப் பொருள்களைப் பராமரிக்கச் சொல்லித் தரும் படிப்பு ஒன்று இருக்கிறது. விண்ணப்பித்தேன், இடம் கிடைத்தது. சேர்த்துவைத்த சம்பளத்தோடு ஓசூர் வேலையை விட்டேன். கிருஷ்ணகிரி பஸ் நிலையத்துக்கு அம்மாவும் வந்தார். ஜன்னல் வழியாகக் கையை உள்ளே நீட்டி என் கன்னத்தைத் தொட்டார், பஸ் முழுக்க ஆள் பார்க்கிறது என்ற நினைப்பே இல்லாமல். ஹாஸ்டலில் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, வருகைப் பதிவில் ஆங்கிலத்தில் என் பெயரை நானே எழுதினேன். நாளை முதல் வகுப்பு.